கண்டியில் எழுந்த முதல் நாவல்: சித்திலெப்பையும் ‘அசன்பே சரித்திர’மும்

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை ஆராயப் புகுவோர் யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ முதலில் நோக்குவது வழக்கமாயினும், அவ்வரலாற்றின் தலைவாயில் மலைநாட்டுத் தலைநகராகிய கண்டியிலேயே அமைந்துள்ளது. ‘காவலப்பன் கதை’ காலத்தால் முற்பட்டதெனினும் ஆங்கிலக் கதையொன்றின் மொழிபெயர்ப்பேயாதலால், 1885ஆம் ஆண்டு வெளிவந்த ‘அசன்பே சரித்திர’த்தையே இலங்கையர் ஒருவர் சுயமாக இயற்றிய முதல் தமிழ் நாவலென்று ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர். அதனை இயற்றியவர் கண்டியில் பிரக்கிராசியாக விளங்கிய முகம்மது காசிம் சித்திலெப்பை. இலங்கை முஸ்லிம்களின் கல்வி மறுமலர்ச்சிக்குக் காரணபுருஷரென்று அவரைப் போற்றுவோர் பலர்; நாவலாசிரியரென்று அவரைப் பயில்வோர் சிலரே. அவருடைய பத்திரிகை, பாடசாலை, நாவல் ஆகிய மூன்றும் ஒரே நோக்கத்தினின்று கிளைத்தவையென்று கண்டாலன்றி, அந்நாவலின் உண்மையான பெருமை புலப்படாதென்பதே இக்கட்டுரையின் துணிபு.

கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமாகி இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் சித்திலெப்பை அந்நகரிலே பிறந்தார். தந்தையார் முகம்மது லெப்பையும் நியாயவாதத் தொழிலை மேற்கொண்டவர். அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்த மைந்தர் 1862இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்திலும், 1864இல் உயர் நீதிமன்றத்திலும் பிரக்கிராசியானார். நகரசபையிலும் அங்கம் வகித்தார். கோப்பிப் பயிர் செழித்து, 1867இல் கொழும்பிலிருந்து புகைவண்டிப் பாதையும் வந்து சேர, வியாபாரத்தால் வளம் பெற்ற முஸ்லிம்கள் அந்நகரில் பலர் இருந்தனர். ஆயினும் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமார் கையிலிருந்தமையால், பிள்ளைகள் மார்க்கத்தை இழந்துவிடுவரோவென்று அஞ்சிய பெற்றோர் அவர்களை அப்பாடசாலைகளுக்கு அனுப்பத் தயங்கினர். அரசாங்கத்தின் மொழியையும் சட்டத்தையும் நாள்தோறும் கையாண்ட சித்திலெப்பைக்கு, இத்தயக்கத்தால் தம் சமுதாயத்துக்கு விளையும் கேடு நன்கு விளங்கியிருந்தது.

அக்கேட்டைக் களைதற்பொருட்டு அவர் முதலிற் கைக்கொண்ட கருவி பத்திரிகை. 1882ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வார இதழ் கண்டியிலிருந்து வெளிவரத் தொடங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரிலேதான் எகிப்தின் தேசியத் தலைவராகிய அராபி பாஷா தெல்-எல்-கபீர்ப் போரில் ஆங்கிலப் படைக்குத் தோற்றார். 1883 ஜனவரியில் அவரும் அவருடைய தோழர்களும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்திறங்கினர். தூரதேசத்துச் செய்தியாக அதுகாறும் கேள்வியுற்ற எகிப்து, அன்றுமுதல் இலங்கை முஸ்லிம்களின் கண்முன்னே நடமாடும் மனிதரானது. அராபி பாஷாவுடன் நட்புப் பூண்டு, அவருடைய ஊக்கத்தைக் கல்விப் பணிக்குத் துணையாக்கிக்கொண்டவர்களில் சித்திலெப்பை முதன்மையானவர்.

அராபி பாஷா வந்திறங்கி ஈராண்டுகளில் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. எகிப்தின் உயர்குடியொன்றிற் பிறந்த குழந்தை கவர்ந்து செல்லப்பட்டு, பம்பாயிலே பிறர் கையில் வளர்ந்து, பின்னர் கல்கத்தாவை அடைந்து, அங்கே கல்வியும் உயர்ந்தோர் ஆதரவும் பெற்று, முடிவில் தாயகம் திரும்பித் தன் பிறப்பை அறிந்து சிறப்புறுவதே அதன் கதை. காணாமற்போன அரசிளங்குமரன் மீண்டு வருதல் நம் கதைமரபிற்குப் புதிதன்று. ஆனால் பழங்கதைகளில் அவனை உயர்த்துவது தெய்வச் செயலோ மந்திர சக்தியோ ஆக, இங்கே உயர்த்துவது கல்வியும் நல்லொழுக்கமுமாம். அவன் கடந்து செல்வன கற்பனைத் தீவுகளல்ல. பம்பாய், கல்கத்தா, காயிரோ என்னும் பெருநகரங்கள். அக்காலக் கண்டி வணிகர் கணக்கேட்டிலும் கப்பற் செய்தியிலும் அறிந்திருக்கக்கூடிய ஊர்களே அவை.

தமிழ்நாட்டில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை முன்சீபாயிருந்தவர். சித்திலெப்பையும் நீதிமன்ற வாழ்வினர். கடலின் இருமருங்கிலும் முதல் நாவலை எழுதியோர் சட்டத்துறையினராயிருந்தமை தற்செயலென்று தள்ளத்தக்கதன்று. ஆங்கில நூற்பயிற்சியும், பலதிறப்பட்ட மாந்தரின் வழக்குகளை அருகிருந்து கேட்கும் வாய்ப்பும், தம்மவரைத் திருத்தவேண்டுமென்னும் ஆர்வமும் அக்காலத்தில் ஒருங்கே வாய்த்தவர் அவ்வகுப்பினரே.

முதல் ஈழத்து நாவலில் ஈழமே இல்லையே என்று குறை கூறுவர். உண்மைதான், கண்டியின் வீதிகளோ மாந்தரோ அதில் இடம்பெறவில்லை. எனினும் அடுத்து வந்த நாவல்களையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) ஐரோப்பியக் கதையொன்றைத் தழுவியது. அவ்வூர்ச் சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ (1895) தஞ்சை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்டது. உள்நாட்டுக் குடும்ப வாழ்வைக் கூர்ந்து நோக்கிய மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இலேதான் வெளிவந்தது. ஆகவே பிறநாட்டுக் களம் அத்தலைமுறைக்குப் பொதுவானது. சித்திலெப்பையிடத்திலோ அது திட்டமிட்ட கல்வியாகவும் அமைந்தது. கடைவீதிக்குள் அடங்கியிருந்த தம் வாசகருக்கு, கல்வியால் உலகெங்கும் மதிப்புப் பெற்ற ஒரு முஸ்லிம் இளைஞனைக் காட்டுவதே அவருடைய குறிக்கோள்.

நாவலிற் சொன்னதை அவர் நாட்டிலும் செய்துகாட்டினார். 1884இல் கொழும்பில் அவர் முயற்சியால் எழுந்த பாடசாலையே 1892இல் வாப்பிச்சி மரிக்கார் முதலியோர் துணையோடு ஸாஹிராவாக மலர்ந்தது. பெண்கல்வியைப் பலர் வெறுத்த அந்நாளில், 1891இல் கண்டி திருகோணமலை வீதியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை நிறுவி, தம் சகோதரியாரையே அப்பணியில் ஈடுபடுத்தினார். 1892இல் அராபி பாஷாவும் கண்டிக்குக் குடிபெயர்ந்து, 1901வரை அந்நகரிலேயே வாழ்ந்தார். ‘ஞானதீபம்’ என்னும் மாத இதழையும் ‘அஸ்ராருல் ஆலம்’ என்னும் ஞானநூலையும் வெளியிட்ட சித்திலெப்பை, 1898 பெப்ருவரி 5ஆம் நாள் காலமானார்.

எம். எம். உவைஸ் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆராய்ந்தெழுதிய ஆங்கில நூலை, 1953இல் கண்டிப் பகுதிக் கல்ஹின்னைத் தமிழ் மன்றம் வெளியிட்டது. சித்திலெப்பை மூட்டிய எழுத்தார்வம் அம்மலைச் சாரலில் அணையவில்லையென்பதற்கு அதுவே சான்று. இனி வரும் ஆராய்ச்சியாளர் ‘அசன்பே சரித்திர’த்தை முதல் நாவலென்று பெயர் குறித்து அப்பாற் செல்லாமல், ‘முஸ்லிம் நேசன்’ இதழ்களோடு ஒப்புநோக்கிப் பயில்வாராக. சமுதாயச் சேவைக்கென்றே ஓர் இலக்கிய வடிவம் இந்நாட்டில் எவ்வாறு கால்கொண்டது என்பது அப்பயிற்சியாலேயே தெளிவாகும். நம் நாவல் வரலாற்றிற் கண்டிக்குரிய முதலிடமும் அப்போதே ஐயத்துக்கிடமின்றி நிலைபெறும்.