ஸ்பிட்ஃபயருக்கு அக்கா



போன வாரம் பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வாசலில் நின்று, "சார், அந்தக் காரை எடைக்குப் போடுதியளா?" என்று கேட்டார். பெங்களூரில் இருக்கும் என் மகனும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். இருவருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. 1986-இல் பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் குடும்பத்திடம் வாங்கினேன். அன்று அம்பாசடருக்கு மரியாதை, ஃபியட்டுக்கு ஆசை. ஹெரால்டுக்கு டப்பா என்று பெயர். பள்ளியில் என்னைக் கேலி செய்யாத ஆசிரியர் இல்லை.

இந்த டப்பாவின் வரலாறு சுவையானது. 1959-இல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. அதை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கேலோட்டி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆளில்லை. அதனால் பழைய முறைப்படி தனிச் சேசிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். அப்படிப் பூட்டும் வண்டியை வெளிநாட்டில் செய்வதும் எளிது. 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது.

1962-இல் அதே சேசிஸைக் குட்டையாக்கி, அதே மிக்கேலோட்டியின் கையால் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போர் விமானத்தின் பெயரை வைத்தார்கள்: ஸ்பிட்ஃபயர். 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எம்.ஜி. பக்தர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு. ஆனால் குறைந்த விலையில் ஸ்போர்ட்ஸ் கார் சந்தோஷத்தைப் பல பேருக்குக் கொடுத்த வண்டி அது. நம் ஹெரால்டு அதற்கு அக்கா.

இரண்டுக்கும் பானெட் மூக்கோடு சேர்ந்து முன்னால் கவிழும். டயர்மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய சந்துகளில் அம்பாசடர் ரிவர்ஸ் எடுத்துத் திணறும் இடத்தில் நான் ஒரே ஒடியில் திரும்பியிருக்கிறேன். குறையும் உண்டு. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும்.

பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். என் மார்க் 3-க்கு நான்கு. அந்த நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. முட்டுவலிக்கார என் அம்மா பாபநாசம் போக பின்சீட்டில் சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்தது சென்னைத் தொழிலாளர்கள் வைத்த அந்தக் கதவால்தான்.

ஒருமுறை வண்ணார்பேட்டையில் முன்சக்கரம் மடிந்து வண்டி குப்புறச் சாய்ந்தது. மெதுவாகப் போனதால் பிழைத்தோம். எங்கோ சர்வீஸ் செய்தபோது முன்சக்கர ட்ரன்னியனில் கிரீஸ் அடித்துவிட்டார்கள். நம்ம ஊர் வயதான மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இதுக்கு கியர் ஆயில்தான் விடணும். தெரியாதவன்கிட்ட விட்டிய, வண்டி மேல பழி சொல்லுதிய." அவர் இப்போது இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நானே ஆயில் விடுகிறேன்.

ஹெரால்டுக்குப் பின் கெஸல், அப்புறம் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று வந்தன. 1980-களின் இறுதியில் கம்பெனியே நின்றது. ஆனால் ஸ்பிட்ஃபயர் பிரியர்களுக்காக இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகங்கள் செய்கிறார்கள். அவற்றில் பல ஹெரால்டுக்கும் பொருந்தும். தங்கையின் புண்ணியத்தில் அக்கா ஓடுகிறாள்.

ஞாயிறு காலையில் சேரன்மகாதேவி வரை போய் வருவேன். 948 சிசி இன்ஜின்தான். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து, இருபக்கமும் வயல் ஓட, 50 கிலோமீட்டரில் போனாலே பறப்பது மாதிரி இருக்கும். சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் ரகசியமே அதுதான்.

அங்கே தங்கையைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நம் கையால் நான்கு கதவு வைத்த அக்காவை நாம் எடைக்குப் போட்டோம். என் கண் இருக்கும் வரை இந்த ஒன்று தராசில் ஏறாது. அதற்குப் பிறகு மகன் பாடு. அவனுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஹெரால்டு ஓடியிருந்தால் சொல்லுங்கள்.