பேச வந்த மைக், ப்ளூஸ் பாடிய கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை களைகட்டும். கூவி விற்பவர்களுக்கு நடுவே, தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின இசைக்காரர்கள் ப்ளூஸ் வாசிப்பார்கள். காசு விழ வேண்டுமென்றால் முதலில் காதில் விழ வேண்டும். கிட்டார்காரர்கள் மின்கிட்டாருக்கு மாறிவிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பத்துத் துளை மவுத் ஆர்கன் அதோடு எப்படிப் போட்டி போடும்? அக்கம்பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, அங்கிருந்து ஒயர் இழுத்து, மவுத் ஆர்கன்காரரும் மைக் பிடித்தார்.

முதலில் பிடித்தது யார் என்பதில் ஸ்னூக்கி ப்ரையர் உரிமை கொண்டாடினார். ராணுவத்தில் மைக் செட்டில் ப்யூகிள் ஊதி வந்தவர், அதே மைக்கில் மவுத் ஆர்கனையும் வாசித்துப் பார்த்தார். 1945இல் ஊர் திரும்பியதும் சொந்தமாக ஒரு செட் வாங்கித் தெருவில் இறங்கினார்.

கைக்குக் கிடைத்த மைக்குகள் எவையும் இசைக்காகப் பிறந்தவை அல்ல. அஸ்டாடிக் நிறுவனத்தின் ஜேடி-30, சிகாகோவிலேயே இருந்த ஷூர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்த 520 என்ற ‘கிரீன் புல்லட்’ இரண்டுமே அறிவிப்புக்கும் பேச்சுக்கும் ஆனவை. சொல் புரியத் தேவையான நடுப்பகுதி ஒலியை அவை நன்றாக வாங்கும். உச்சத்தில் உள்ள கீச்சொலி பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். பாடகருக்கு இது குறை. பித்தளை ரீடுகளின் கீச்சைக் குறைக்க வழி தேடிய மவுத் ஆர்கன்காரருக்கோ இதுவே வேண்டியிருந்தது.

மிச்ச வேலையைக் கை செய்தது. மைக்கையும் மவுத் ஆர்கனையும் ஒன்றாகச் சேர்த்து, காற்று கசியாதபடி இரு கையாலும் பொத்தினால் ஒலி தடித்துக் கனக்கும். அவ்வளவு நெருக்கத்தில் வரும் அழுத்தம் தாங்காமல் மைக் திணறும். அந்தத் திணறல், ஒலியைப் பெருக்கும் சின்ன வால்வு ஆம்ப்பில் நுழையும்போது, அலைகளின் முகடுகள் நசுங்கிக் கரகரப்பு பிறக்கும். கை திறந்தால் ஒலி தெளியும், மூடினால் உறுமும்.

இந்த உறுமலை இசையாக்கியவர் லிட்டில் வால்டர். லூயிசியானாவிலிருந்து வந்து மேக்ஸ்வெல் தெருவில் வாசித்து, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்தவர். 1952 மே 12 அன்று அக்குழுவோடு அவர் பதிவு செய்த ‘ஜூக்’, பாட்டே இல்லாத வாத்திய இசை. அது பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அப்போது அவருக்கு வயது 22. அதன்பின் மைக் என்பது சத்தம் கூட்டும் கருவி மட்டுமல்ல, வாத்தியத்தின் ஒரு பாகம் என்றாகிவிட்டது.

ஆம்ப் கதையும் இதே வழியில்தான் போயிற்று. 1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேனில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். பாஸ் கிட்டாருக்குச் செய்த அந்தப் பெட்டியை மவுத் ஆர்கன்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். 5 வாட் ஃபெண்டர் சாம்ப் போன்ற குட்டி ஆம்ப், அளவான சத்தத்திலேயே கரகரக்கும். வீட்டுக்கும் பதிவுக்கும் உகந்தது. ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் அது எடுபடாது, அதற்கு முன்னால் இன்னொரு மைக் வைக்க வேண்டும். பெரிய ஆம்ப்பில் வேறு தொல்லை: சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்கே திரும்பி வந்து ஊளையிடும். அதனால் கிட்டார் ஆம்ப்பின் முதல் வால்வான 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டு, பெருக்கும் திறன் குறைந்த 12ஏயு7ஐப் போடுகிறார்கள்.

மைக்கிலும் இப்படியொரு கணக்கு உண்டு. பழைய ஜேடி-30க்குள் இருப்பது ரோஷெல் உப்புப் படிகம். ஒலி பிரமாதம், ஆனால் சூடும் ஈரமும் ஆகாது, ஊதுகிறவர் மூச்சே அதற்கு எமன். கிரீன் புல்லட்டின் காந்த மைக் அவ்வளவு சீக்கிரம் கெடாது, ஆனால் கனம் அதிகம், கை வலிக்கும்.

இன்று ஷூர் நிறுவனமே கிரீன் புல்லட்டில் ஒலியளவுக் குமிழ் வைத்து மவுத் ஆர்கன்காரர்களுக்கென்று விற்கிறது. வாங்கப் போகிறவர் விலையைப் பார்க்கும் முன் அதைக் கையில் பொத்திப் பார்க்க வேண்டும். விரலிடையில் காற்று கசிந்தால், எத்தனை விலையுயர்ந்த ஆம்ப்பும் அந்த உறுமலைத் தராது.