நாணயங்களால் அமைந்த இரும்பு வழி

அரபு மொழியில் ‘சிக்கா’ என்றொரு சொல் உண்டு. நாணயத்தில் முத்திரை பதிக்கும் அச்சுக்கும் அதுவே பெயர். மாந்தர் நடந்து செல்லும் வழிக்கும் அதுவே பெயர். இருப்புப் பாதையை அரபியர் ‘சிக்கத்துல் ஹதீத்’, அதாவது இரும்பு வழி என்பர். இச்சொல்லுக்கு மாணவர்களிடம் பொருள் உரைக்கும்போதெல்லாம் இரு பொருளும் ஒன்றாய்ப் பொருந்திய ஓர் இருப்புப் பாதை நம் நினைவில் எழுகின்றது. ஏழை எளியோரின் நாணயங்களைக் கொண்டு பாலைவனத்தில் இடப்பட்ட ஹிஜாஸ் ரயில் பாதையே அது. உலகின் விந்தையான தடங்களைத் தேடித் திரிவோர் இன்றும் அதன் பாழடைந்த நிலையங்களை ஒவ்வொன்றாய்க் கண்டு வருகின்றனர். நாமோ, அது ஏன் பாழடைந்தது என்பதைக் காண முயல்வோம்.

டமாஸ்கஸிலிருந்து மதீனா மாநகருக்கு ஹஜ் பயணக் கூட்டம் ஒட்டகங்களில் சென்றடைய ஏறத்தாழ நாற்பது நாள் ஆகும். வழியெங்கும் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அவற்றைக் காக்கச் சிறு கோட்டைகளும் இருந்தன. ஒட்டகங்களை வாடகைக்குத் தந்தவர்கள் அவ்வழியில் வாழ்ந்த பதவீ அரபியர். பயணிகளைத் தாக்காதிருக்கவும் காத்து அனுப்பவும் உஸ்மானிய அரசு அவர்களுக்கு ஆண்டுதோறும் ‘சுர்ரா’ என்னும் பணமுடிப்பை வழங்கிவந்தது. பயணிக்குத் துன்பமாக இருந்த அந்த நெடுவழி, பாலைவாசிக்குப் பிழைப்பாக இருந்தது. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

1900ஆம் ஆண்டில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இப்பாதையை அமைக்க ஆணையிட்டார். ஹஜ்ஜாஜிகளின் துயர் துடைப்பது ஒரு நோக்கம். தொலைவிலுள்ள ஹிஜாஸுக்குப் படைகளை விரைந்து அனுப்புவது மற்றொரு நோக்கம். இரண்டில் ஒன்றை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது. அந்நிய வங்கிகளின் கடனில் மூழ்கியிருந்த அரசு, இப்பணிக்கு மட்டும் அந்நியக் கடன் வாங்குவதில்லை என உறுதி பூண்டது. முஸ்லிம் உலகிடம் கையேந்தியது. நம் நாட்டில் பஞ்சாபைச் சேர்ந்த பத்திரிகையாளர் முஹம்மது இன்ஷாஅல்லாஹ்வும் ஹைதராபாத்தின் முல்லா அப்துல் கையூமும் இதற்காக அயராது எழுதியும் பேசியும் நிதி திரட்டினர். குர்பானித் தோல்களை விற்ற பணமும் இப்பாதைக்குச் சென்றது. நம் ஊர்களில் குர்பானித் தோல் மதரஸாவுக்கு வந்து சேர்வதைக் கண்டு வளர்ந்த நமக்கு, ஒரு தோலின் விலை பாலைவனத்தில் ஒரு முழ இரும்பாக நீண்டதை எண்ணும்போது உள்ளம் கனிகின்றது. செலவில் மூன்றில் ஒரு பங்கு நன்கொடையாகவே வந்தது என்பர். எஞ்சியது முத்திரைத்தாள் வரியாலும் அரசு ஊழியரின் சம்பளப் பிடித்தத்தாலும் நிரம்பியது. பெருந்தொகை தந்தோர்க்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

பாதையின் அகலமே ஒரு விந்தை. நம் நாட்டு மீட்டர் பாதையைவிட ஐந்து சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாக, 1,050 மில்லிமீட்டர் அளவில் தண்டவாளங்கள் இடப்பட்டன. பெய்ரூத்திலிருந்து டமாஸ்கஸுக்குப் பிரெஞ்சுக்காரர் முன்னரே இட்டிருந்த பாதையின் அளவு அது. ஜெர்மானியப் பொறியாளர் மைஸ்னர் பணிக்குத் தலைமை தாங்கினார். மண் வெட்டிக் கல் சுமந்தோரில் பெரும்பாலோர் உஸ்மானியப் படைவீரர். 1903இல் அம்மானையும் 1904இல் மஆனையும் பாதை எட்டியது. 1905இல் ஹைஃபா துறைமுகத்திலிருந்து ஒரு கிளை வந்து இணைந்தது. யர்மூக் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் அக்கிளை, ஜோர்தான் நதியருகே கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 246 மீட்டர் கீழே ஓடியது. அத்துணைத் தாழ்வில் உலகில் வேறெந்த ரயிலும் ஓடியதில்லை என்பர்.

மஆனுக்குத் தெற்கே ‘பத்னுல் கூல்’ என்னும் செங்குத்தான சரிவு. பூதத்தின் வயிறு என்பது அதன் பொருள். அதனைக் கடந்து 1906இல் தபூக்கையும், 1907இல் ஸமூது கூட்டத்தார் பாறை குடைந்த ஹிஜ்ரையும் பாதை அடைந்தது. அதற்கப்பால் முக்தார் பே முதலான முஸ்லிம் பொறியாளர்களே பணியை நடத்தினர். 1908 செப்டம்பர் முதல் நாள், ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை மதீனாவில் திறந்துவைக்கப்பட்டது. நாற்பது நாள் வழி மூன்று நாளாகச் சுருங்கியது.

மகிழ்ச்சி நிரம்பிய அந்நாளிலேயே ஒரு கசப்பும் இருந்தது. ரயில் வந்தபின் ஒட்டகத்தை யார் வாடகைக்குக் கேட்பார்? சுர்ராப் பணம் இனி எதற்கு? தம் வாயில் மண் விழுந்ததாகவே பாலைவாசிகள் கருதினர். அதே 1908இல் மதீனாவை நெருங்கிய பணியிடங்களை அவர்கள் தாக்கினர். மக்கா ஷரீஃபும் அப்பாதை தம் நகரை அடைவதை விரும்பவில்லை. மதீனாவோடு நின்ற தண்டவாளம் அதற்கப்பால் நீளவேயில்லை. 1909இல் சுல்தானும் அரியணை இழந்தார்.

1916 ஜூன் மாதம் ஷரீஃப் ஹுசைன் உஸ்மானிய அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். ஆங்கிலேய அதிகாரி லாரன்ஸின் பெயரே இன்று அக்கதையில் ஓங்கி ஒலிக்கின்றது. வெடிமருந்து அந்நியருடையதுதான். ஆனால் அதனைச் சுமந்து சென்று தண்டவாளத்தடியில் வைக்கத் துணைநின்ற கைகள், அவ்வழியில் பிழைப்பை இழந்தோரின் கைகளாகவும் இருந்தன. மதீனாவைக் காத்து நின்ற ஃபக்ரீ பாஷா, முற்றுகையில் உணவு குன்றியபோது நகரமக்களை அதே ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பினார். அத்துயரை மதீனாவாசிகள் ‘ஸஃபர் பர்லிக்’ என்று சொல்லி நினைவுகூர்வர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நகருக்கு மக்களைக் கொண்டுவர இட்ட பாதை, அந்நகர மக்களையே வெளியேற்றும் பாதையாயிற்று! 1919 ஜனவரியில் மதீனா கைமாறியது.

போருக்குப் பின் பாதை துண்டாடப்பட்டது. சிரியாவில் ஓடிய பகுதி பிரான்சிடமும், பாலஸ்தீனிலும் ஜோர்தானிலும் ஓடிய பகுதிகள் பிரிட்டனிடமும் சென்றன. முஸ்லிம்களின் பொது வக்ஃபு இது என்று முஸ்லிம் உலகம் முறையிட்டது. 1923இல் லோசானில் அவ்விரு வல்லரசுகளும் அதன் சமயத் தன்மையை ஒப்புக்கொண்டன. ஒப்புதல் ஏட்டோடு நின்றது. தென்பகுதியை மீண்டும் சீரமைக்க 1960களில் தொடங்கிய பணியும் 1967ஆம் ஆண்டுப் போரையொட்டிக் கைவிடப்பட்டது. இன்று மதீனா நிலையம் ஓர் அருங்காட்சியகம். ஹிஜ்ரில் பழைய ரயில் எஞ்சின் ஒன்று காட்சிப் பொருளாய் நிற்கின்றது. மக்காவையும் மதீனாவையும் இணைத்த அதிவேக ரயில் 2018இல் ஓடத் தொடங்கியது. ஆயினும் அது டமாஸ்கஸிலிருந்து வந்த பாதையின் தொடர்ச்சியன்று.

அப்படியானால் குர்பானித் தோலின் விலையை அனுப்பிய ஏழையின் நாணயம் வீணாயிற்றா? எண்ணத்திற்கேற்பவே கூலி என்று நாம் நம்புகிறோம். அவருடைய கூலி அல்லாஹ்விடம் உள்ளது. கேள்வி நம்மைப் பற்றியது. தொலைவில் இருந்தோர் பணம் தந்தனர், தலைநகரில் இருந்தோர் திட்டம் தீட்டினர். வழியோரத்தில் இருந்தவனை மட்டும் யாரும் கேட்கவில்லை. பள்ளிவாசலோ மதரஸாவோ அனாதை இல்லமோ, நன்கொடையால் எழும் எந்தப் பணிக்கும் இது பொருந்தும். அதனால் எவருடைய அடுப்பு அணையும் என்று முன்னரே கேட்டு, அவரையும் பங்காளியாக்கிக்கொள்வதும் அமானிதத்தில் அடங்கும். அவர் காவலராய் நிற்கும் வழியே நிலைக்கும்.