தென்காசிச் சீமையில் மிளகாய்

மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். அதுவரை தென்காசி, குற்றாலம் பகுதிச் சமையலுக்குக் காரம் தந்தவை மிளகும் இஞ்சியும் திப்பிலியுமே. மிளகுக்கொடிக்கு மலையின் ஈரமும் படர மரமும் வேண்டும். காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். மிளகாயோ விதைத்த சில மாதங்களில் சமவெளியிலேயே காய்த்தது. அதனால் ஏழை வீட்டு அம்மியிலும் காரம் தாராளமாக அரைபட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிடத் தோட்டம் அமைத்தது. அவை விலையுயர்ந்த சரக்குகளாகவே நின்றன; அன்றாடக் குழம்பை ஆண்டது மிளகாய்தான்.

தென்காசியை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சரக்கும் மக்களும் போய்வந்தனர். 1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையும் திறந்தது. மலையாளக் கரையின் தேங்காய் எண்ணெயும் பாண்டிநாட்டு வற்றல் மிளகாயும் இங்கே ஒரே சட்டியில் சேர்ந்தன. செங்கோட்டையை அடுத்த பிரானூரில் ‘பார்டர்’ (எல்லை) கடைகளின் நாட்டுக்கோழி வறுவலும் பரோட்டாவும் புகழ்பெற்ற உணவுகள். சாரல் காலத்தில் குற்றால அருவியில் குளித்துக் குளிர்ந்து வருவோர் அவற்றைத் தேடிச் சென்று உண்கின்றனர்.

மிளகாயின் எரிச்சலுக்குக் காரணம் கேப்சைசின். அது நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். எண்ணெயில் வதக்கும்போது காரம் கறி முழுதும் பரவுவதும், தண்ணீர் நாவின் எரிச்சலை நன்கு தணிக்காததும் இதனால்தான்.