ஈசிஆர்ல குடும்பத்தோட ட்ரிப் போறீங்களா? குறைஞ்ச செலவில் ரூம் எங்கே கிடைக்கும்?

சென்னையில் இருந்து ஈசிஆர் வழியாக காரில் கிளம்பும் குடும்பங்களின் பட்ஜெட்டை பதம் பார்ப்பது ராத்திரி தங்கும் ரூம்தான். குழந்தைகள், வயதானவர்களுடன் இருட்டிய பிறகு ரூம் தேடி அலைந்தால், கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டியதுதான். கடைசி நேரத்தில் பேரம் பேச முடியாது.

எங்கே தங்கலாம்?

மாமல்லபுரம்: தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி கடற்கரையை ஒட்டியே இருக்கிறது. ஆன்லைனில் புக் செய்யலாம்.

புதுச்சேரி: அரவிந்தர் ஆசிரம விடுதிகளில் மது, சிகரெட்டுக்குத் தடை. இரவில் கேட் பூட்டிவிடுவார்கள். வார இறுதியில் சென்னை, பெங்களூரு கூட்டம் குவிவதால் ஊர் முழுக்க வாடகை எகிறும்.

வேளாங்கண்ணி: பேராலயமே விடுதிகள் நடத்துகிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அப்போது ரூம் கிடைப்பது ரொம்ப கஷ்டம்.

பணம் கட்டும் முன் கேளுங்க

* வாடகை 24 மணி நேரத்துக்கா, மறுநாள் மதியம் 12 மணி வரைக்குமா? ராத்திரி 10 மணிக்குப் போய்ச் சேருபவர்களுக்கு இது முக்கியம்.

* எக்ஸ்ட்ரா பெட், ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு?

* கார் பார்க்கிங் உண்டா? தரைத்தளத்தில் ரூம் அல்லது லிஃப்ட் இருக்கா?

* கேன்சல் செய்தால் பணம் திரும்ப வருமா?

பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை எடுத்துச் செல்வது அவசியம். லீவு கிடைத்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாட்களில் கிளம்புங்க. அதே ரூம் குறைந்த வாடகைக்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.