மைதானத்தின் அடியில் ஒரு ஏரி

மறுசந்திப்பு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அதற்குத் தகுதியானவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது சென்னையைப் பற்றி. ஆனால் உடையார்பாளையத்தான் பார்த்த சென்னை. அதனால் நம்ம ஊர் இதில் வராமல் போகாது.

நம் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்த கையோடு, 1995 ஜூன் மாதம், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சென்னைக்குப் போனேன். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். ஓர் அறையில் நான்கு பேர். அந்த ஆண்டு டிசம்பர் 18 முதல் 27 வரை ஏழாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடப்பதாக இருந்தன. ஊரே கட்டுமானமாய்க் கிடந்தது. எங்கே பார்த்தாலும் சாரம், ஜல்லி, மணல் லாரி. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, ஜெயங்கொண்டத்து நண்பர் ஒருவரும் நானும் எந்த ஸ்டேடியம் எவ்வளவு தூரம் எழும்பியிருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிடுவோம். காசு செலவில்லாத பொழுதுபோக்கு அது ஒன்றுதான்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. எந்த விளையாட்டுக் களத்துக்குப் போனாலும் பக்கத்தில் ஓர் ஆறோ, கால்வாயோ, அல்லது ஏரியின் பெயரோ வந்து நின்றது.

முதலில் பெரியமேடு. தோல் மண்டிகளின் வாடையைத் தாண்டிப் போனால் நேரு ஸ்டேடியம். பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை மாற்றி 1993இல் புதிதாகக் கட்டியது. 1956 ஜனவரியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூஸிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் எடுத்தது அந்தப் பழைய மைதானத்தில்தான். 52 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியாத சாதனை. அதற்கும் முன்னால் அது என்னவாக இருந்தது? 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரவெல்யனின் முயற்சியில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு பகுதி. குளங்களும் மிருகக்காட்சி சாலையும் இருந்த பெரிய பூங்கா. விக்டோரியா பப்ளிக் ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, கடைசியில் ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக வந்து அதைப் பங்கு போட்டுக்கொண்டன. எஞ்சியது மைலேடீஸ் பூங்கா மாதிரி ஒரு துண்டு. குளங்களைக் காணோம்.

அங்கிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் கூவம். அது மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்கும் சிந்தாதிரிப்பேட்டை. 1734இல் கவர்னர் மார்டன் பிட் காலத்தில் கம்பெனியின் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே பெயர்க் காரணம் என்பார்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அந்தத் தெருக்களில் நடப்பது சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது மாதிரி இருந்தது. தறி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பது வேறு விஷயம். ஆற்றங்கரையில் நெசவாளர்களைக் குடிவைத்ததன் பொருத்தம் எங்களுக்குச் சொல்லாமலே புரிந்தது. நூலை நனைக்கவும், சாயம் ஏற்றிய துணியை அலசவும் தண்ணீர் வேண்டாமா? நாங்கள் பார்த்த கூவத்தில் கையை நனைக்க முடியாது. பச்சையப்ப முதலியார் இதே ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். அவர் காலமானது 1794இல். இருநூறு ஆண்டுகளில் ஓர் ஆறு இப்படியும் ஆகும்.

சேப்பாக்கம் எங்கள் மேன்ஷனுக்கு அடுத்த வீடு மாதிரி. கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி பக்கிங்காம் கால்வாய். வடக்கே எண்ணூர்ப் பக்கம் போகும் பகுதி 1806 வாக்கிலேயே வெட்டப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து 1877-78இல் வெட்டியது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை. நாங்கள் பார்த்தபோது அதே கால்வாயின் நடுவில் பறக்கும் ரயிலுக்குக் கான்கிரீட் தூண்கள் நின்றன. போட்டிகள் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, 1995 நவம்பரில், கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடத் தொடங்கியது.

கால்வாய்க் கரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டார். "இன்னா தம்பி, குனிஞ்சு குனிஞ்சு பாக்குறீங்க? தொலைச்சிட்டியா எதுனா?" விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நான் சின்னப் பையனா இருக்கசொல்லோ இதுல தோணி வரும்பா. ஆந்திராலேந்து விறகு, உப்பு எல்லாம். கரையில நின்னு இறக்குவோம். இப்ப ரயிலு வருது. வரட்டும். ஆனா தண்ணி எங்க போவும், சொல்லு?" 1965, 66 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்துபோனதைப் பின்னால் புத்தகத்தில் படித்தேன். அவருடைய கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று.

அதே கால்வாய்க்குப் பக்கத்துத் திருவட்டீசுவரன்பேட்டையில்தான் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் 'தியாகராஜ விலாசம்' இருந்தது. அரியலூரிலும் உடையார்பாளையத்திலும் ஐயரவர்களின் குடும்பத்துக்கு இருந்த தொடர்பை 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிவார்கள். நம் பயறணீசுவரர் கோயிலையும் காண்டீப தீர்த்தத்தையும் பார்த்த கண்கள் அந்தக் கால்வாயையும் பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். 2012இல் அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள்.

நுங்கம்பாக்கம் போனது ஒரு மழை நாளில். போட்டிகளுக்காகப் புதிதாக டென்னிஸ் ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருந்தது. 1997 முதல் 2017 வரை சென்னை ஓப்பன் நடந்ததே, அதே இடம். வழி கேட்டதற்கு, "லேக் ஏரியாவுக்குள்ளே போங்க" என்றார் ஒருவர். நண்பர் உடனே, "ஏரியா? எங்கய்யா ஏரி?" என்றார். சிரித்துவிட்டோம், ஆனால் கேள்வி சரியான கேள்வி. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டை வரை ஒரு காலத்தில் ஒரே நீர்ப்பரப்பு. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். மவுண்ட் ரோட்டின் ஒரு பகுதி அதன் கீழைக்கரையை ஒட்டிப் போனது. 1920களில் மாம்பலம் ஏரியை வடித்து தியாகராய நகர் உண்டாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது, 'வியூ'தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது, குடியிருப்புகள் வந்தன, பிறகு டென்னிஸ்.

நீச்சல் போட்டிக்கு வேளச்சேரியில் புதுக் குளம் கட்டினார்கள். நல்ல ஏரியும், அதற்குக் கீழே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் இருந்த ஊரில் கான்கிரீட் குளம்! அன்று அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் பட்டது.

ஏன் இப்படி என்று கேட்டால், சதித்திட்டம் ஒன்றும் இல்லை. நெருக்கமான நகரத்தில் பத்து இருபது ஏக்கர் மொத்தமாக அரசுக்குச் சொந்தமாக எங்கே கிடைக்கும்? பூங்காவில் கிடைக்கும், ஆற்றோரப் புறம்போக்கில் கிடைக்கும், வயல்கள் வீடுகளாகிப் பாசனம் நின்றுபோன ஏரியில் கிடைக்கும். நம்ம ஊரில் ஆயக்கட்டுக்காரன் ஒருவன் இருக்கும்வரை ஏரியில் கை வைக்க முடியாது, தடியோடு வந்துவிடுவான். சென்னையில் ஆயக்கட்டு போயிற்று, கேட்க ஆளும் போயிற்று. டில்லியிலும் 2010 காமன்வெல்த் போட்டி வீரர்களின் குடியிருப்பை யமுனையின் வெள்ளப் படுகையில்தான் கட்டினார்கள். 2012 ஒலிம்பிக்குக்கு லண்டன்காரர்கள் லீ ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து, மைதானம் கட்டும்போதே கெட்டுப்போன ஆற்றையும் வாய்க்கால்களையும் சேர்த்துத் துப்புரவு செய்தார்கள். அங்கேயும் பழைய குடியிருப்புக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்றாலும், தண்ணீருக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். நாம் 1995இல் அந்தக் கணக்கை வைக்கவில்லை.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் கணக்கு தானாக வந்தது. வேளச்சேரியில் முதல் மாடி வரை படகில் போய் ஆட்களை இறக்கினார்கள். டீக்கடைப் பெரியவரின் கேள்வி அன்று எனக்கு நினைவுக்கு வந்தது. தண்ணீர் தன் பழைய இடத்துக்குத்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. கூவம் கரையில் தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு முன்பே கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் போனவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். செம்மஞ்சேரியில் மழைக்குத் தண்ணீர் நிற்பது ஊரறிந்த செய்தி. ஆற்றங்கரையிலிருந்து எழுப்பி ஏரிக்கரையில் உட்காரவைத்தால் அது பாதுகாப்பா? ஏரிக்குள் ஸ்டேடியம் கட்டியவர்களை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. அதே செம்மஞ்சேரியில் உலகத் தரத்தில் ஒரு விளையாட்டு நகரம் அமைக்கப்போவதாக அரசு அறிவித்ததும் எனக்கு 1995தான் ஞாபகம் வந்தது. நம் மாணவர்கள் யாராவது அதைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினால், பழைய நில அளவை வரைபடத்தைப் புதிய திட்ட வரைபடத்தின்மேல் வைத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

எதிர்த்திசையிலும் ஒரு காரியம் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து குதிரைகள் ஓடிய ரேஸ் கோர்ஸ் நிலம் சுமார் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசு திரும்ப எடுத்தது. வழக்கு நீதிமன்றம் போயிற்று. வழக்கின் நியாயம் எனக்குத் தெரியாத துறை. ஆனால் அந்த மைதானத்தில் மழைநீரைத் தேக்க மாநகராட்சி குளங்கள் வெட்டியது. எனக்குத் தெரிந்து, சென்னையில் விளையாட்டு இடத்தைத் தண்ணீருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

நம்ம ஊருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பீர்கள். ராஜேந்திர சோழன் தலைநகர் அமைத்தபோது அதன் மேற்கே சோழகங்கத்தையும் வெட்டினான். 16 மைல் நீளக் கரை. நாம் பொன்னேரி என்கிறோம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீர்மயமான வெற்றித் தூண் என்கிறது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதிலைப் பெயர்த்து அந்தக் கல்லைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்தக் கீழணையில் திரும்பும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணத்துக்குப் போகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் சென்னைக்குப் போகிறது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் அளவில். லேக் ஏரியா வீடுகளின் குழாயிலும் அதில் ஒரு பங்கு வரக்கூடும்.