மாணிக்கப் பரலும் நீலியின் சாபமும்

இன்றைய கற்பனை விளையாட்டுகளில் அரிய மணி ஒன்றைப் பூதம் காத்து நிற்கும். மணியை எடுத்தவரைச் சாபம் தொடரும். ஹோப் வைரத்துக்கும் இப்படியொரு கதை உண்டு. தெய்வச் சிலையின் கண்ணிலிருந்து அதைத் திருடிய தவர்னியே நாய்களால் கிழிபட்டு மாண்டார் என்பர். உண்மையில் அந்தப் பிரெஞ்சு வணிகர் எண்பது வயதைக் கடந்து வாழ்ந்து, 1689இல் மாஸ்கோவில் மறைந்தார்.

அரசனையும் நகரையும் அழித்த மணி ஒன்று நம்மிடமும் உண்டு. கண்ணகியின் சிலம்பிலிருந்த மாணிக்கப் பரல் அது. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்தவையோ முத்துகள். அவைக்களத்தில் சிலம்பு உடைந்து, மணி மன்னனின் முகத்தெதிரே தெறித்தது; மன்னன் வீழ்ந்தான், மதுரை எரிந்தது. பின்னர்க் கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றேறி, வேங்கை மர நிழலில் நின்றாள் என்கிறது சிலம்பு. அக்குன்று எதுவென்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூருக்கு மேலே, தமிழக, கேரள எல்லையில் சிதைந்து நிற்கும் மங்கலதேவி கோட்டமே அது என்பது சி. கோவிந்தராசனார் முதலியோர் நிறுவ முயன்ற முடிவு. ஆண்டுக்கொரு முறை, சித்திரை முழுநிலவன்று, பளியன்குடி வழியே தேனி மாவட்ட மக்கள் அங்கே மலையேறுகின்றனர்.

இக்கதையில் சாபம் எங்கே இருக்கிறது? மதுராபதித் தெய்வம் அதை விளக்குகிறது. கலிங்க நாட்டுச் சிங்கபுரத்துக் கடைவீதியில் அணிகலன் விற்க வந்தான் சங்கமன் என்னும் வணிகன். அரச ஊழியனான பரதன் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று பிடித்துக் கொடுக்க, அவன் கொலையுண்டான். அவன் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்தாள். தனக்குத் துயர் செய்தவர் அதே துயரை அடைக எனச் சபித்து, மலையேறி உயிர் துறந்தாள். அந்தப் பரதனே மறுபிறப்பில் கோவலன். கண்ணகியும் பதினான்கு நாள் கழித்து மலையுச்சியில்தான் கணவனைச் சேர்கிறாள்.

இரு முறையும் கொல்லப்பட்டவன் நகை விற்க வந்த அயலூரான். இரு முறையும் குற்றச்சாட்டு ஒருவன் சொல், விசாரணை இல்லை. ஆகவே சாபம் கல்லில் இல்லை, ஆராயாத தீர்ப்பில் இருக்கிறது என்றே நாம் கொள்கிறோம். மாணிக்கம் கேடு செய்யவில்லை. அது சாட்சி சொன்னது, அவ்வளவே. பூதமாகி நின்றது அரச நீதிதான். பழையனூர்க் கதையில் நீலி என்ற அதே பெயர் பழிவாங்கும் பேய்க்கு உரியதாவதும் நோக்கத்தக்கது. நீதி கிடைக்காத பெண் ஒரு கதையில் பேயாகிறாள், இன்னொன்றில் தெய்வமாகிறாள்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. மழையற்றுப் பிணி பெருகியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்றும், அதன்பின் மழை பொழிந்தது என்றும் அக்காப்பியமே கூறுகிறது. திருடியவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அவர்கள் குற்றத்தை ஆராய்ந்தவர் எவருமில்லை. அந்த ஆயிரவரின் மனைவியர் எந்த மலை ஏறினர் என்பதைக் காப்பியம் சொல்லவில்லை. மங்கலதேவியை வணங்கும்போது அவர்களையும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.